விருந்தாளிக்குக் களி போடலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருச்செங்கோட்டில் என் சிநேகிதி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு கத்தித் தீர்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள் — நான் கத்தியது தப்பா?

தனம், ரேவதி, நான். மூன்று பேரும் சேலத்தில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்து படித்தவர்கள். தனம் திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டாள். அவள் கணவர் முத்துசாமி அண்ணனுக்கு ரிக் தொழில் — போர் போடுகிற லாரி. இங்கே தண்ணீர் கிடைக்காமல் போகப் போக, வண்டிகளைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவில் ஜாம்பியா வரைக்கும் கொண்டுபோய்விட்டார். ரேவதிக்கு நாமக்கல்லில் கோழிப் பண்ணை, அதை ஒட்டியே தீவன மில். நான் சேலத்து அம்மாபேட்டைக்காரி. தறி போய் ஜவுளிக்கடை வந்த வீடு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தனம் போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"ஒருக்கா வந்துட்டுப் போ புள்ள. எங்க ஊட்டுல பேட்ரிக்குன்னு ஒருத்தரு இருக்காரில்ல... சாப்பிடவே மாட்டேங்கறாரு. எனக்கு அழுவாச்சியா வருது. நீ வந்து இங்கிலீசுல பேசி என்ன கொறைன்னு கேளு."

பேட்ரிக் ஜாம்பியாக்காரர். நாற்பது வயது இருக்கும். முத்துசாமி அண்ணனிடம் அங்கே பன்னிரண்டு வருஷமாக வேலை. புது மாடல் ரிக் ஒன்று இங்கே தயாராகிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ள மூன்று மாதப் பயிற்சிக்காக வந்திருந்தார். பயிற்சியை முடித்தால் அந்த வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. சம்பளம் ஏறும், பதவி ஏறும். மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள் அவருக்கு. முடிக்காமல் போனால்? வண்டி வேறு யாருக்காவது போய்விடும். இவர் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

வந்து ஐந்து வாரம். ஐந்து கிலோ இறங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்களாம். எல்லாம் நார்மல். போன வெள்ளிக்கிழமை மெதுவாக அண்ணனிடம் சொல்லிவிட்டார் — "சார், நான் ஊருக்குப் போகிறேன்." புதன்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

சரி, போய்ப் பார்ப்போம் என்று ரேவதி காரில் நானும் ஏறிக்கொண்டேன்.

தனம் வீட்டு மேஜையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நாட்டுக்கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன், மட்டன் சுக்கா, முட்டைத் தொக்கு, பரோட்டா, வெள்ளைச் சோறு, ரசம், தயிர், இரண்டு பொரியல், பாயசம். பதினோரு வகை. நடுவில் பெரிய தலைவாழை இலை. அதற்கு முன்னால் பேட்ரிக். நல்ல உயரமான மனிதர், சட்டை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. தனம் ஒவ்வொன்றாக வைக்க வைக்க, "வெரி நைஸ் மேடம், வெரி நைஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சோற்றை விரலால் கிளறினார். கோழித் துண்டு ஒன்றைக் கடித்தார். தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேரும் என்ன செய்தோம் தெரியுமா? அவரிடம் பேசத்தானே போனோம்? பேசவில்லை. எங்கள் வெளிநாட்டுப் பெருமையை அவிழ்த்துவிட்டோம்!

ரேவதிதான் ஆரம்பித்தாள். மகள் பிரசவத்துக்கு ஜெர்மனி போனவள் அவள். பெட்டியில் துணியை விடச் சமையல் சாமான்தான் அதிகம். "பச்சைப்புளி ரசம் இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாதுங்க" என்று போன மூன்றாம் நாளே வரமிளகாயைத் தாளித்திருக்கிறாள். கூரையில் இருந்த புகை அலாரம் அலறியதாம். நாலு மாடி ஜனமும் கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் தெருவுக்கு வந்து நின்றதாம். "நான் கரண்டியோட நிக்கறேன் புள்ள, அத்தனை வெள்ளைக்காரங்களும் என்னையவே பாக்கறாங்க!"

நான் சும்மா இருப்பேனா? ஜவுளிக் கண்காட்சிக்கு என் வீட்டுக்காரரோடு ஜப்பான் போன கதையை எடுத்தேன். அரிசிச் சோறு கிடைத்துவிட்டது. தயிருக்குத்தான் தவித்துப் போனேன். கடையில் வெள்ளையாக ஒரு டப்பா. அடையாளம் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சோற்றில் கொட்டிப் பிசைந்து உப்பும் போட்டு வாயில் வைத்தால்... வெனிலா! அதையும் விடவில்லையே நான். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகத் தின்றேன். தயிர் சாதம் என்கிற பெயராவது இருக்கட்டும் என்றுதான்.

தனம் எங்கள் இரண்டு பேரையும் அலட்சியமாகப் பார்த்தாள். ஜாம்பியாவில் இரண்டு முழு வருஷம் இருந்தவள் ஆயிற்றே.

"நீங்கெல்லாம் பதினஞ்சு நாளு போயிட்டு வந்து பேசறீங்க. நான் ரெண்டு வருசம் இருந்தேன். அவிய ஊரு சாப்பாட்ட ஒரு வாய் தொட்டதில்ல. அரிசிம்பருப்பு சோறு, கொள்ளு ரசம், சந்தவை புழியற இடியாப்ப அச்சுக்கூட இங்கிருந்து கொண்டுட்டுப் போயிட்டேன். ஒருக்கா காய்ச்சல்ல படுத்துட்டேன் புள்ள, பத்து நாளு. பாவம், இந்த பேட்ரிக்கோட சம்சாரம்தான் வந்து பாத்துக்கிச்சு. எதைக் குடுத்தாலும் எனக்குக் குமட்டுது. அந்தப் புள்ள, 'உங்க ஊருல ஒடம்பு சரியில்லைன்னா என்ன சாப்பிடுவீங்க'ன்னு கேட்டுட்டு, டவுனுக்குப் போயி அரிசியும் பருப்பும் வாங்கிட்டு வந்து, நான் படுத்துட்டே சொல்லச் சொல்ல அரிசிம்பருப்பு ஆக்கிப் போட்டுச்சு. கொளைஞ்சு கூழாட்ட ஆயிப்போச்சு. ஆனா அதத் தின்னுட்டுத்தான் எந்திரிச்சேன்."

நல்ல கதைதான். நாங்களும் "அச்சச்சோ" என்றோம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிரில் ஒரு மனிதர் பசியோடு உட்கார்ந்திருக்க, வெனிலா தயிர் சாதத்தைப் பற்றி கால் மணி நேரம் பேசியவள் நான்.

ஒருவழியாக பேட்ரிக் பக்கம் திரும்பிக் கேட்டேன். "உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள்?"

மனிதர் முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "ன்ஷீமா" என்றார். மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மரத் துடுப்பால் கெட்டியாகும் வரை கிண்டுவார்களாம். இரண்டு கையையும் சேர்த்து வளைத்து அவர் கிண்டிக் காட்டியதில் நாற்காலி கிறீச்சிட்டது. கையால் பிய்த்து, உருட்டி, நடுவில் பெருவிரலால் குழி செய்து, கீரையிலோ காய்ந்த சின்ன மீன் குழம்பிலோ தோய்த்து...

"அது சாப்பிட்டால்தான் மேடம், எங்கள் ஊரில் சாப்பிட்டோம் என்று சொல்லுவோம். மற்றதெல்லாம் தின்பதுதான். சாப்பாடு இல்லை."

எனக்கு இது புரியாதா? பத்து இட்லியும் நாலு தோசையும் உள்ளே தள்ளிவிட்டு, "சாப்ட்டாச்சா?" என்று கேட்டால் "இன்னும் இல்லீங்க, டிபன்தான் ஆச்சு" என்று சொல்கிற ஜாதி ஆயிற்றே நாம். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "அட, நம்ம களிதானே!" என்று துள்ளினேன்.

மேஜைக்கு அடியில் தனம் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"சும்மா இரு புள்ள."

"ஏன்டி?"

"எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசம் பாத்தவளாக்கும். அது களிதான். அதுவும் மக்காச்சோளக் களி. ஊட்டுக்கு வந்த மனுசனுக்கு அதையா போடறது?"

ரேவதி வேறு தலையாட்டினாள். "அது கோழித் தீவனமுங்க. எங்க மில்லுக்கு லாரி லாரியா அதுதான வருது."

தெரியுமாம்! ஐந்து வாரமாகத் தெரியுமாம்! அவர் எதற்கு ஏங்குகிறார் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஆட்டுக்கறியைச் சுக்கா போட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஆனால் அப்போதும் கத்தவில்லை. கத்தியது அடுத்த நிமிஷத்தில்.

முத்துசாமி அண்ணன் மேஜையின் கடைசியில் மோரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணா, நீங்க சாப்பிடலையா?" என்றேன்.

"ஆச்சுங்க அம்மிணி..." என்று இழுத்தார்.

"எப்போ? நாங்க வந்ததில் இருந்து இங்கேதானே இருக்கீங்க?"

அண்ணன் தனத்தைப் பார்த்தார். தனம் மின்விசிறியைப் பார்த்தாள். பரிமாறிக்கொண்டிருந்த சமையல்கார சரசுதான் போட்டு உடைத்தாள். "ஐயாவுக்குச் சக்கரை வியாதி இருக்குதில்லீங்களா? டாக்டரு ராகிக் களி சாப்பிடச் சொல்லியிருக்காருங்க. பன்னெண்டு மணிக்கே பின்னால ரூம்புல களியும் கருவாட்டுக் கொழம்பும் வெச்சுக் குடுத்துருவேன். கதவச் சாத்திக்கிட்டுச் சாப்பிட்டுப்போட்டு, அப்பறம் வந்து இவியளோட உக்காருவாருங்க."

"கதவை எதுக்குச் சாத்தணும்?"

"விருந்தாளி பாத்தா அசிங்கமில்லீங்களா?"

அய்யா... இப்போதுதான் நான் கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தது இந்தக் கட்டத்தில்தான்.

"ஏன்டி தனம், உனக்கு மூளை இருக்கா? வீட்டுக்காரர் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு களி தின்கிறார். வந்தவர் முன்கட்டில் களிக்கு ஏங்கி வற்றிப் போகிறார். இடையில் ஒரு சுவர். எதுக்குடி இந்தக் கூத்து?"

"என்னடி இப்படிப் பேசற? ஊட்டுக்கு வந்தவியளுக்குக் களியப் போட்டான்னு நாலு சனம் பேசுனா நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறது? எங்க சம்பந்தி ஊட்டுல கேட்டாச் சிரிப்பாங்க!"

"அப்போ இந்தப் பதினோரு வகை சம்பந்தி வீட்டுக்கா? அவர்களையே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதுதானே! உனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் சம்சாரம் என்ன செய்தாள்? தன் வீட்டுப் பெருமையைக் காட்டினாளா? உனக்கு என்ன வேணும்னு கேட்டாள். கேட்டு, தெரியாததைக் கற்றுக்கொண்டு, குழைத்தாவது போட்டாள். நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவரைக் கேட்டாயா?"

முத்துசாமி அண்ணன் சமாதானத்துக்கு வந்தார். "ஏனுங்க அம்மிணி, நாங்க என்னங்க கொறை வெச்சோம்? ஏசி ரூம்பு குடுத்தோம். தெனமும் கறிதான். களி நம்ம வேலக்காரங்க திங்கறதுங்க..."

"நீங்க தின்பது இல்லையாண்ணா?"

அவரும் மின்விசிறியைப் பார்த்தார்.

பேட்ரிக் பாவம், தன்னால்தான் சண்டை என்று பயந்து இலையில் இருந்த சோற்றை வேகவேகமாக அள்ளி வாயில் போட ஆரம்பித்துவிட்டார். "நிறுத்துங்கள்" என்றேன். விஷயத்தை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். பின்னறை, களி, கருவாடு, சாத்திய கதவு... ஒன்றையும் மறைக்கவில்லை.

பேட்ரிக் மிக மெதுவாகச் சொன்னார். "தினமும் மத்தியானம் எனக்குக் காய்ந்த மீன் வாசனை வரும் மேடம். எங்கள் வீட்டு வாசனை. இந்த வீட்டில் எங்கிருந்து அது வரும்? வீட்டு ஏக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அதனால்தான் ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன்."

தனம் தலையில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ சாமி... நான் ஏன் இப்படிப் பண்ணிப்போட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரிதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவள் செய்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். நம் விருந்தெல்லாம் யாருக்கு? சாப்பிட வந்தவருக்கா, வேடிக்கை பார்க்கிறவருக்கா? இலையை நிரப்பிவிட்டு, அவர் வயிறு நிரம்பியதா என்று பார்க்காமல், "நாங்க என்ன கொறை வெச்சோம்?" என்று அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோமே, இது என்ன நியாயம்? நாம் வெளிநாடு போனால் நம் நாக்கு ஒரு வாரம் தாங்காது. அலாரம் அடிக்கத் தாளிப்போம், வெனிலாவில் உப்புப் போடுவோம், அதை வருஷக்கணக்கில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிவோம். இங்கே வந்தவருக்கும் ஒரு நாக்கு இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தோன்றாது. தோன்றினாலும் சம்பந்தி வீடு வந்து குறுக்கே நிற்கும்.

விடுங்கள். கதைக்கு வருகிறேன்.

"மாவு எங்கே கிடைக்கும்?" என்றேன். ரேவதியின் மில்லில் மலை மாதிரி மக்காச்சோளம் கிடக்கிறது. "அது தீவனத்துக்குன்னே வாங்குறதுங்க, மனுசங்களுக்கு ஆவாது. கடையில கேப்போம்" என்று அவளே காரை எடுத்தாள். அவளுக்கும் உள்ளே குறுகுறுப்பு போலிருக்கிறது. பேட்ரிக்கும் நானும் ஏறிக்கொண்டோம்.

நாலாவது கடையில் கிடைத்தது. "மக்காச்சோளமுங்களா? எத்தனை மாட்டுக்குங்க?" என்றார் கடைக்காரர். நான் முறைத்த முறைப்பில் பேசாமல் மூட்டையைப் பிரித்தார். நல்ல மணியாகப் பார்த்து வாங்கி, பக்கத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்தோம். சூடாக வந்த மாவை பேட்ரிக் விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"என்ன, சரியில்லையா?"

"எங்கள் ஊரில் வெள்ளைச் சோளம் மேடம். இந்த மஞ்சளை நாங்களும் கோழிக்குத்தான் போடுவோம்." சொல்லிவிட்டு மாவுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "பரவாயில்லை. இன்றைக்கு நான்தான் கோழி."

ரேவதி ஸ்டியரிங்கில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்து வாரத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார். "விருந்தாளி அடுப்படிக்கு வாரதா..." என்று தனம் ஆரம்பித்தாள். நான் பார்த்தேன். அடங்கிவிட்டாள். சரசு ஈயம் பூசின குண்டாவில் உலை வைத்தாள். முதலில் கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றிக் கஞ்சியாகக் கொதிக்க விட்டார். பிறகு மாவைத் தூவித் தூவி, குண்டாவைத் துணியால் இறுகப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் ஒரு கிண்டு கிண்டினார் பாருங்கள். கட்டி ஒன்று தட்டவில்லை. சரசு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மணி, இவியளுக்கு நம்மள விடப் பக்குவமா களி கிண்டத் தெரியுதுங்க! இத்தன நாளா இவியளுக்குப் போயி நான் பரோட்டா தட்டிட்டு இருந்தேனுங்களே!"

மத்தியானக் கருவாட்டுக் குழம்பு மிச்சம் இருந்தது. முருங்கைக்கீரையும் வதக்கினாள். இலை வேண்டாம், ஒரு தட்டுப் போதும் என்றார் பேட்ரிக். கை கழுவி உட்கார்ந்தார். பிய்த்தார், உருட்டினார், பெருவிரலால் குழி செய்தார், குழம்பில் தோய்த்தார். முத்துசாமி அண்ணன் வெகு நேரம் நின்று பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து பேட்ரிக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டாவது களி உருண்டை முடிந்து மூன்றாவதில் பாதி போன பிறகுதான் பேட்ரிக் தலையை நிமிர்த்தினார். நெற்றியெல்லாம் வியர்வை. "சார்," என்றார் அண்ணனைப் பார்த்து. "புதன்கிழமை டிக்கெட் வேண்டாம். பயிற்சியை முடித்துவிட்டே போகிறேன்."

அண்ணன் எச்சில் கையோடு அவர் தோளைத் தட்டிவிட்டு, அவர் சட்டையில் குழம்பு ஒட்டியதைப் பார்த்துப் பதறி, அதைத் துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் அப்பினார்.

தனம் மட்டும் கதவு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை முறுக்கினாள். தொண்டையைச் செருமினாள். பிறகு, ஜாம்பியாவில் கற்ற இங்கிலீஷை எல்லாம் திரட்டிக்கொண்டு, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"பேட்ரிக்... டுமாரோ மார்னிங்... வாட் யூ வான்ட்?"

பேட்ரிக் யோசித்தார். நன்றாகவே யோசித்தார். முகம் மலரச் சொன்னார்:

"தோசை, மேடம்."

தனம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஹைகோர்ட்டில் கேஸ் ஜெயித்தவள் தோற்றாள்! "பாத்தியா? நான் தெனமும் காலைல அதத்தான புள்ள போட்டேன்! நீ என்னமோ ஊரையே கூட்டிப்போட்ட!"

போட்டாள்தான். யார் இல்லை என்றது? ஐந்து வாரமாக அவள் போட்ட தோசை அது. திங்கட்கிழமை அவர் சாப்பிட்டது — அவர் கேட்ட தோசை.